தேனீக் கூட்டமும் ஏழாம் கற்பனையும்

மழைக்காலம் ஓய்ந்து, மாவும் முருங்கையும் பூத்துக் குலுங்கும் மாதங்களில் நமது காக்களூர்ப் பக்கத்து வீடுகளுக்கு அழையாத விருந்தாளி ஒன்று வருவதுண்டு. ஆகாயத்தில் இரைச்சல் கேட்கிறது. அண்ணாந்து பார்ப்பதற்குள் ஒரு தேனீக் கூட்டம் வாசல் வேம்பின் கிளையிலோ, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ, தொழிற்பேட்டையில் பூட்டிக்கிடக்கும் ஷெட்டின் கூரை விளிம்பிலோ திரளாய் இறங்கித் தொங்குகிறது. வீட்டார் கதவைச் சாத்துகிறார்கள். பிள்ளைகள் ஜன்னல் வழியாய் எட்டிப் பார்க்கிறார்கள். தெருவில் நாலு பேர் கூடினால் நாலு யோசனை பிறக்கிறது. பந்தம் கொளுத்திக் காட்டு என்கிறார் ஒருவர். பூச்சிமருந்து அடி என்கிறார் மற்றொருவர். ஆளைக் கூப்பிட்டு இறக்கினால் தேனாவது மிஞ்சும் என்கிறார் மூன்றாமவர். வீட்டுப் பாட்டியோ, இது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று கவலைப்படுகிறாள்.

பூச்சியைப் பற்றிய இந்த அற்பக் காரியத்துக்கும் பங்குப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பிள்ளைகளைக் காப்பாற்றும் பெற்றோரின் கடமை இதில் இருக்கிறது. அயலானுக்குச் செய்யவேண்டிய நீதி இருக்கிறது. கூலிக்கு வரும் ஏழையின் உயிர் இருக்கிறது. சர்வேசுரன் நம் கையில் ஒப்படைத்த சிருஷ்டிகளுக்கு நாம் சொல்லவேண்டிய கணக்கும் இருக்கிறது. ஆகையால் சற்று நிதானமாய் இதை யோசித்துப் பார்ப்போம்.

வந்திருப்பது எது?

ஒரு காரியத்தைக் குறித்து நியாயம் தீர்க்குமுன் அதை அறிந்துகொள்ள வேண்டும். நமது நாட்டில் தேனீக்கள் ஒரே இனமல்ல. வேலியிலும் செடிக்கொம்பிலும் உள்ளங்கையளவு அடை கட்டுவது கொம்புத்தேனீ; அது சாது. சுவர்ப் பொந்திலும் மரப்பொந்திலும் பல அடைகளை அடுக்கிக் கட்டுவது அடுக்குத்தேனீ. இந்தியத் தேனீ என்பதும் இதுவே. இதைப் பெட்டியில் வைத்து வளர்க்கலாம். சுவர் விரிசலில் வாழும் மிகச் சிறிய கொசுத்தேனீக்குக் கொட்டும் முள்ளே இல்லை. உயர்ந்த மரக்கிளையிலும், தண்ணீர்த் தொட்டியிலும், பெரிய கட்டடங்களிலும் ஒரே ஒரு பெரிய அடையைத் தொங்கவிடுவது மலைத்தேனீ. ஒரு குடும்பத்தில் பல்லாயிரம் ஈக்கள் இருக்கும். பருவத்துக்குப் பருவம் பூவைத் தேடி நெடுந்தூரம் இடம் பெயரும். சினந்தால் கூட்டமாய்த் துரத்தும். பயப்படத் தகுந்தது இதுதான்.

இன்னுமொரு பேதமும் உண்டு. அடை இல்லாமல் ஈக்கள் மாத்திரம் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கொத்தாய்த் தொங்கினால், அது வீடு தேடும் கூட்டம். அடுக்குத்தேனீக் குடும்பம் பெருகும்போது, பழைய ராணி வேலைக்காரத் தேனீக்களில் ஏறக்குறையப் பாதியையோ அதற்கு மேலோ கூட்டிக்கொண்டு புறப்படுகிறது. பழைய கூட்டைப் புது ராணிக்கு விட்டுவிடுகிறது. புறப்படுமுன் வயிறு நிறையத் தேனைக் குடித்துக்கொள்ளுகின்றன. வழியில் ஒரு கிளையில் தங்கி, சில தேனீக்களை நாலா திசையிலும் இடம் பார்க்க அனுப்புகின்றன. அனுப்பப்பட்டவை திரும்பி வந்து, தாம் கண்ட இடத்தின் திசையையும் தூரத்தையும் ஒருவகை நடனத்தால் அறிவிக்கின்றன. இந்த நடனத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃப்ரிஷ் என்னும் அறிஞருக்கு 1973-ம் ஆண்டில் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அவருடைய மாணாக்கரான மார்ட்டின் லிண்டவுவர், 1950-களில் வீடு தேடும் கூட்டங்களைக் கவனித்து, பல இடங்களை அறிவித்த தேனீக்கள் முடிவில் ஒரே இடத்துக்கு இசைந்த பிறகே கூட்டம் கிளம்புகிறது என்று எழுதினார். நமக்கு அசையாத திரளாய்த் தோன்றும் அது, உள்ளே ஆலோசனை நடத்திக்கொண்டிருக்கிறது. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தானே போய்விடும். காப்பாற்றக் குஞ்சும் தேனும் அங்கே இல்லாதபடியால், சீண்டாதவரை அது பெரும்பாலும் சாந்தமாகவே இருக்கும்.

அச்சம் வேறு, ஆபத்து வேறு

மனித உயிர் ஆயிரம் தேன்கூட்டிலும் மேலானது. இதில் சந்தேகமில்லை. சேசுநாதரே அடைக்கலான் குருவிகளைக் காட்டி, அவற்றைக் காட்டிலும் மனிதர் விலையுயர்ந்தவர்கள் என்று போதித்தார். பள்ளிக்கூட வாசலில் மலைத்தேனீ அடை கட்டியிருக்க, உயிரைக் கொல்லலாகாது என்று சும்மா இருப்பவன் தர்மவான் அல்ல, கடமை தவறினவன். அந்தக் கூட்டை அங்கிருந்து அகற்றத்தான் வேண்டும். வேறு வழியே இல்லாமல் தேனீக்கள் சாக நேர்ந்தாலும் அது பாவமாகாது.

ஆனால் அதே சேசுநாதர் அந்தக் குருவிகளில் ஒன்றாகிலும் பிதாவினால் மறக்கப்படுவதில்லை என்றும் சொன்னார். மனிதன் மேலானவன் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது பாதி வேதம்.

தலையான புண்ணியங்கள் நான்கில் விவேகம் முதலாவது. அச்சத்தையும் ஆபத்தையும் பிரித்தறிவது விவேகத்தின் வேலை. அச்சம் நம் மனதில் இருப்பது. ஆபத்து வெளியில் இருப்பது. நாளைக்குப் போய்விடப் போகிற கூட்டத்தைக் கண்டு இன்றைக்கே பந்தத்தைத் தேடுகிறவன், ஆபத்தை நீக்கவில்லை, அதை உண்டாக்குகிறான். ஒரு தேனீ கொட்டினால் அதன் முள்ளிலிருந்து ஒரு வாசனை கிளம்புகிறது. அது மற்றத் தேனீக்களைப் போருக்கு அழைக்கும் வாசனை. நெருப்பும் மருந்தும் பட்ட கூட்டம் பந்தம் பிடித்தவனை மாத்திரம் தேடாது. பால் வாங்கப் போகும் தாயையும், சைக்கிளில் வரும் தொழிலாளியையும், திண்ணையில் படுத்திருக்கும் கிழவரையும் தேடும். தன் பிள்ளையைக் காக்கத் தெருவுப் பிள்ளைகளை ஆபத்துக்குள்ளாக்குவது எந்த விவேகம்?

இலங்கையில் சிகிரியா என்னும் பெரிய பாறைக்கோட்டை உண்டு. அதன் பாறைச் சரிவுகளில் மலைத்தேனீக்கள் அடை கட்டுகின்றன. அவை பார்வையாளர்களைத் தாக்கியதும் உண்டு. அங்கே மௌனமாய்ப் போகும்படி எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். தேனீக்கள் கலைந்தால் மக்கள் ஒதுங்குவதற்குக் கம்பிவலைக் கூண்டுகளும் அமைத்திருக்கிறார்கள். ஆபத்து மெய்யாயிருக்கும் இடத்திலும் அழிப்பது ஒன்றே வழியல்ல என்பதற்கு இது ஒரு சாட்சி.

எந்தக் கற்பனைக்கு அடுத்தது?

காரணமில்லாமல் ஒரு தேன்கூட்டைக் கொளுத்துவது தப்பிதம் என்றால், அது எந்தக் கற்பனைக்கு விரோதமானது? கொலை செய்யாதிருப்பாயாக என்னும் ஐந்தாம் கற்பனைக்கு என்று பலர் உடனே சொல்லுவார்கள். திருச்சபையின் போதனை வேறு. 1992-ம் ஆண்டில் வெளியான கத்தோலிக்க ஞானோபதேச நூல், மிருகங்களையும் மரஞ்செடிகளையும் பற்றிய கடமைகளை ஏழாம் கற்பனையின் கீழே வைத்திருக்கிறது. களவு செய்யாதிருப்பாயாக என்பதே ஏழாம் கற்பனை. மிருகங்களை உணவுக்கும் உடைக்கும் உபயோகிப்பது நியாயம் என்றும், அவசியமின்றி அவற்றை வதைப்பதும் கொல்லுவதும் மனித மாண்புக்கே தகாதது என்றும் அந்நூல் போதிக்கிறது.

தேனீ விஷயத்தில் களவு எங்கே வந்தது? என் மரம், என் சுவர், என் தொட்டி. அதில் வந்து தொங்குவதை நான் என்ன செய்தால் யாருக்கு என்ன என்று வீட்டுக்காரர் கேட்கலாம். மரம் அவருடையதுதான். தேனீ அவருடையதல்ல.

முதலாவது, அது சர்வேசுரனுடையது. ஆதி மனிதனைத் தோட்டத்தில் வைத்தபோது, அதைப் பண்படுத்தவும் காக்கவும் வைத்தார் என்று ஆதியாகமம் கூறுகிறது. காக்கும்படி கொடுக்கப்பட்டதைப் பாழாக்குகிற காரியஸ்தன், எஜமானுடைய பொருளைத் திருடினவனாகிறான்.

இரண்டாவது, அது அயலானுடைய பிழைப்பைத் தாங்குவது. பூசணியிலும் பாகலிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டு சேர்க்கத் தேனீ முதலிய பூச்சிகள் வராவிட்டால் பிஞ்சு கருகி விழும். மாவுக்கும் எள்ளுக்கும் பூச்சிகளால் பலன் கூடுகிறது. உலகத்தின் முக்கிய உணவுப் பயிர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, கொஞ்சமாகவோ அதிகமாகவோ இவ்விதப் பிராணிகளின் உதவியைப் பெறுகின்றன என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். நமது பக்கத்தில் தொழிற்சாலைகள் பெருகியிருந்தாலும், திருவள்ளூரைச் சுற்றிக் காய்கறித் தோட்டமும் மாந்தோப்பும் இன்னும் இருக்கின்றன. காக்களூரில் ஒரு மாடிமேல் கொளுத்தப்படும் கூட்டம், வேலிக்கு அப்பால் முகம் தெரியாத ஒரு குடியானவனின் பாகற்பந்தலுக்குப் போகவேண்டிய கூட்டமாயிருக்கலாம். அவனிடமிருந்து எடுக்கப்பட்டதை அவனும் அறியான், எடுத்தவரும் அறியார். அறியாமையினால் குற்றம் குறையலாம், நஷ்டம் குறையாது.

மூன்றாவது களவு இன்னும் கொடியது. கூட்டை இறக்க நாம் பெரும்பாலும் ஓர் ஏழையைத் தேடுகிறோம். வடநாட்டிலிருந்து வந்து ஷெட்டில் தங்கியிருக்கும் பையனையோ, காவலாளியையோ, கிடைத்த கூலிக்கு எதையும் செய்யும் ஒருவனையோ கூப்பிட்டு, கையில் பந்தத்தைக் கொடுத்து ஏணியில் ஏற்றிவிட்டு, நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்கிறோம். அவனுக்கு முகமூடி இல்லை, கையுறை இல்லை, பழக்கமும் இல்லை. அவன் விழுந்தாலோ, நூறு இடத்தில் கொட்டுப்பட்டாலோ, அவன் பெண்சாதி பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்லுவது? நாம் தாங்க விரும்பாத ஆபத்தைச் சில ரூபாய்க்கு மற்றவன் தலையில் ஏற்றுவது நீதியல்ல. தேனீயைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாதவரும் இந்த ஒன்றை யோசிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்.

இதோடு சேர்ந்த இன்னொரு அநீதியையும் சொல்லவேண்டும். மருந்தடித்துக் கொன்ற கூட்டிலிருந்து அடையை எடுத்துத் தேன் பிழிந்து உண்பதும், தெரியாதவருக்கு விற்பதும் நஞ்சை ஊட்டுவதற்குச் சமம்.

பழைய கட்டளை ஒன்று

உபாகமத்தின் 22-ம் அதிகாரத்தில் பலர் கவனியாமல் போகும் ஒரு சிறு கட்டளை உண்டு. வழியில் ஒரு பறவைக்கூட்டைக் கண்டால், குஞ்சையோ முட்டையையோ எடுத்துக்கொள்ளலாம். தாய்ப்பறவையைப் போகவிட வேண்டும். அப்படிச் செய்கிறவனுக்கு நன்மையும் நீடித்த ஆயுளும் உண்டென்று வாக்களிக்கப்படுகிறது. தாய் தகப்பனைச் சங்கிக்கிறவனுக்கு அதே ஆகமம் அளிக்கும் வாக்கும் இதுவே. இவ்வளவு பெரிய கற்பனைக்கும் இவ்வளவு சின்னக் கட்டளைக்கும் ஒரே வெகுமானத்தை ஆண்டவர் வைத்ததை எண்ணிப் பாருங்கள். எடுத்துக்கொள்ளாதே என்று அவர் சொல்லவில்லை. வேரோடு அழிக்காதே என்கிறார். உபயோகிக்க அதிகாரம் உண்டு. ஒழித்துவிட அதிகாரம் இல்லை.

அர்ச்சியசிஷ்டவர்கள் இதை அறிந்திருந்தார்கள். அசிசி நகர் அர்ச். பிரான்சிஸ்கு, குளிர்காலத்தில் தேனீக்கள் மடிந்துபோகாதபடி அவற்றுக்குத் தேனோ நல்ல திராட்சரசமோ வைக்கச் செய்தார் என்று அவருடைய சரித்திரத்தை முதன்முதல் எழுதிய செலானோ தோமாஸ் கூறுகிறார். உரோமைச் சடங்குப் புத்தகத்தில் தேனீக்களை மந்திரிக்கும் செபமும் உண்டு. பாஸ்குத் திருவிழிப்பு இரவில் பெரிய மெழுகுதிரியை ஏற்றிப் பாடும் புகழுரையில், அந்த மெழுகைத் தந்த தேனீயின் உழைப்பும் நினைக்கப்படுகிறது. இன்று கடையில் வாங்கும் திரிகளில் பெரும்பாலானவை பாரபின் மெழுகால் ஆனவை. ஆயினும் திருச்சபை அந்த வார்த்தையை விட்டுவிடவில்லை. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ம் ஆண்டில் வெளியிட்ட நிருபத்தில், பூச்சிமருந்துகளால் மறைந்துபோகும் பறவைகளையும் பூச்சிகளையும் குறித்து வருத்தத்தோடு எழுதினார்.

நியூட்டன் சுவாமியார்

அழிக்காமல் எடுத்துக்கொள்வது எப்படி என்று நமது தென்னாட்டு மக்களுக்குக் கற்பித்தவர்களில் ஒருவர் குருவானவர் என்பது நமக்குச் சந்தோஷம் தரும் செய்தி. பழைய காலத்தில் தேன் எடுப்பதென்றால் அடையைப் பிய்த்து, புழுவும் முட்டையுமாகப் பிழிவதுதான். 1851-ம் ஆண்டில் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்னும் போதகர், அடைகளுக்கிடையே தேனீக்கள் விடும் இடைவெளியின் அளவைக் கவனித்து, கூட்டைக் கலைக்காமல் சட்டங்களைத் தனித்தனியே எடுக்கும் பெட்டியை உண்டாக்கினார். அந்தப் பெட்டி மேல்நாட்டுத் தேனீக்கு ஏற்றது. நமது இந்தியத் தேனீயோ உடலிலும் குடும்பத்திலும் சிறியது. நியூட்டன் சுவாமியார் அதற்குத் தகுந்த சிறு பெட்டியை அமைத்து, 1911 முதல் 1917 வரை தென்னாட்டில் கிராமத்தார் பலரைத் தேனீ வளர்ப்பில் பழக்கினார். நியூட்டன் பெட்டி என்று அது இன்றும் வழங்குகிறது.

எளிய குடும்பத்துக்கு ஒரு சிறு வருமானம், தேனீக்கு ஓர் இருப்பிடம், தோட்டக்காரனுக்கு விளைச்சல். கொளுத்தியவனுக்கு ஒரு தடவை தேன். பெட்டியில் வைத்தவனுக்கு வருஷந்தோறும் தேன். மட்டசனம் என்று ஞானோபதேசத்தில் படிக்கிறோமே, அளவோடு எடுத்து மீதியை விடும் அந்தப் புண்ணியம் இங்கே லாபமாகவும் முடிகிறது. இந்தத் தேனீ இனமும் எளிதில் மீளக்கூடியதல்ல. 1990-களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கும் ஒரு கொள்ளைநோய் பரவி, தென்னாட்டில் வளர்த்துவந்த இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தது. அதற்குத் தப்பிய குடும்பங்களின் வழிவந்ததுதான் இன்று நம் வீட்டுச் சுவரில் நுழைகிறது.

சகுனத்தைப் பற்றி

தேன்கூடு கட்டினால் லட்சுமி வந்தாள் என்பாரும் உண்டு. குடும்பத்துக்கு ஆகாது என்பாரும் உண்டு. இரண்டும் வீண். தேனீ பூவையும் தண்ணீரையும் நிழலையும் தேடி வருகிறதேயன்றி, நமது ஜாதகத்தைப் பார்த்து வருவதில்லை. சகுனத்துக்குப் பயந்து கூட்டைக் கலைப்பதும், சகுனத்தை நம்பி ஆபத்தான கூட்டைப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் விட்டுவைப்பதும் ஒரே மூடத்தனத்தின் இரண்டு முகங்கள்.

செய்யவேண்டியது என்ன?

கூட்டம் இறங்கினால், முதலில் அடை உண்டா இல்லையா என்று தூரத்திலிருந்து பாருங்கள். அடை இல்லாவிட்டால், பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் விலக்கி, அயலாருக்குச் சொல்லி, இரண்டு மூன்று நாள் பொறுங்கள். கல்லெறிவதும், புகை போடுவதும், மருந்தடிப்பதும் வேண்டாம். மாலையில் அந்தப் பக்கத்து விளக்கை அணைத்து வையுங்கள்; மலைத்தேனீ வெளிச்சத்தை நாடி வீட்டுக்குள் வரும். அடுக்குத்தேனீ சுவரிலோ பெட்டியிலோ குடியேறிவிட்டால், தேனீ வளர்ப்போர் வந்து எடுத்துக்கொள்வார்கள். திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்லுவார்கள். மலைத்தேனீ ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் அடை கட்டிவிட்டால், 101-க்குத் தெரிவித்துத் தீயணைப்பு நிலையத்தாரின் உதவியைக் கேளுங்கள். அல்லது கவசமும் பழக்கமும் உள்ளவரை அழையுங்கள். உயர்ந்த மரத்தில் ஒருவருக்கும் இடைஞ்சலின்றி இருந்தால் விட்டுவிடுங்கள். பருவம் மாறினால் அது தானே இடம் பெயரும். திருவிழாக் காலத்தில், தேர் போகும் வழியில் அப்படிப்பட்ட கூடு உண்டா என்று முன்கூட்டியே பார்த்து, அதன் அருகில் வெடி கொளுத்தாதிருங்கள்.

தேனீக்கள் துரத்தினால் கையை வீசி அடிக்காமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடி, அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். தண்ணீரில் குதிப்பது பயனற்றது; தலை தூக்கும்வரை அவை காத்திருக்கும். தோலில் நிற்கும் முள் தொடர்ந்து விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும். ஆகையால் அதை எவ்விதத்திலாவது உடனே நீக்கிவிட வேண்டும். மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குதல், உடம்பெல்லாம் தடித்தல், மயக்கம் ஆகியவை கண்டாலும், பல இடங்களில் கொட்டுப்பட்டிருந்தாலும், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நேரம் போக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பெற்றோரே, இவை நடக்கும்போது உங்கள் பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மிருகங்களிடம் கொடுமை பழகினவன் மனிதரிடமும் அதைக் காட்டுவான் என்று அர்ச். அக்குயினாஸ் தோமையார் எச்சரித்தார். பயந்தவுடன் கொளுத்துவதையும், ஆபத்தை ஏழையின் கையில் கொடுப்பதையும் கண்டு வளரும் பிள்ளை அதையே கற்கும். தகப்பன் நிதானமாய் விசாரிப்பதையும், அயலாருக்குச் சொல்லி அனுப்புவதையும், மூன்று நாள் பின்வாசல் வழியாய்ப் போய்வருவதையும் கண்ட பிள்ளைக்கு, ஏழாம் கற்பனையை மனப்பாடம் செய்விப்பதற்குமுன்னே பாதி கற்பித்தாயிற்று. மீதியை ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் நாம் சொல்லிக்கொடுப்போம்.